அப்பாவுக்குக் காது தூரம்

பெரியவளே, சின்னவளே, இதை உங்களிடம் நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீங்கள் பதில் சொல்வீர்கள். அந்தப் பதிலில் பாதி எனக்குக் கேட்காது. கேட்ட மாதிரி தலையை ஆட்டிவிடுவேன். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன் என்பதால், எழுத்திலேயே இருக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது. தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே நான் காரைக்கால் கோவில்பத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். அரிசி, கோதுமை, கேழ்வரகு ஒரு மெஷினில். மிளகாய், மல்லி, மஞ்சள் இன்னொன்றில். இரண்டும் ஓடும்போது எதிரில் இருப்பவர் வாய் அசைவதுதான் தெரியும். இத்தனை வருடம் அந்தச் சத்தத்துக்குள் நின்றவனுக்குக் காது என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. முதலில் சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக் போனது. பிறகு குருவிச் சத்தம் போனது. அது போனதே எனக்குத் தெரியாது. ஒருநாள் உங்கள் அம்மா, “ஏங்க, இந்தக் குருவி காலையிலேருந்து கத்துது, வெரட்டி விடுங்களேன்” என்றபோதுதான் தெரிந்தது.

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. மில்லில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், அதனால் அங்கே பிரச்சினை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசையில் எப்போது எழுந்திருப்பது, எப்போது முழங்காலிடுவது, என்ன பதில் சொல்வது எல்லாம் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். அதற்குக் காது தேவையில்லை. வீட்டில் நீங்கள் இருந்தீர்கள்.

பெரியவளே, உனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போதே நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய். யாராவது வாசலில் நின்று எதையாவது சொன்னால், நீ ஓடிவந்து என் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து அதையே திருப்பிச் சொல்வாய். “அப்பா, அவங்க புட்டுக்கு மாவு கேக்குறாங்க.” “அப்பா, நாளைக்கு வர்றாங்களாம்.” யாரும் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நீ அப்படிச் செய்கிறாய் என்று நானும் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் காது போனதை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நர்சிங் முடித்துவிட்டு நீ ஜப்பானுக்குப் போகிறேன் என்றாய். அங்கே முதியோர் இல்லங்களில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதற்கு அவர்கள் பேச்சைப் படிக்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், அப்புறம் இல்லத்துக்காரர்கள் வீடியோவில் நேர்காணல் வைப்பார்கள். சென்னையிலிருந்து ஒரு டீச்சர் செல்போனில் வகுப்பு எடுத்தார். மில்லை மூடிவிட்டு வந்து, கையில் ஒட்டிய மாவைக் கழுவிக்கொண்டு, சாயங்காலம் உன் எதிரில் நோட்டோடு உட்காருவது என் வேலையாயிற்று. இடது பக்கம் தமிழ் அர்த்தம். வலது பக்கம் ஜப்பான் பேச்சு, எனக்காகத் தமிழ் எழுத்தில். நான் இடது பக்கத்தைப் படிப்பேன், நீ வலது பக்கத்தைச் சொல்ல வேண்டும். நான் உன் உதட்டைப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்வேன்.

“ஒங்க வாய் ரொம்பத் தெளிவா தெறக்குது, யாரும்மா ஒங்களுக்குப் பழக்குறது?” என்று டீச்சர் கேட்டாராம். நீ வந்து சொன்னாய். அன்றைக்கெல்லாம் எனக்குக் கால் தரையில் இல்லை.

அந்த மொழியில் உனக்கு முதலில் சிக்கலாக இருந்தது ‘வா’ என்ற ஒரு சின்ன ஒட்டு. ஒரு பேரைச் சொல்லி அதன் பின்னால் ‘வா’ போடுகிறார்கள். அப்புறம் வேறொரு பேரைச் சொல்லி ‘கா’ போடுகிறார்கள். கடைசியில்தான் பெரியது, நீளம், வேகம் என்று அது எப்படி என்பது வருகிறது. அதற்கும் கடைசியில் மரியாதைக்கு ஒரு ‘தெஸ்’, நம்முடைய ‘ங்க’ மாதிரி. “ரெண்டு பேரு இருக்குப்பா ஒரே வாக்கியத்துல, எதைப் பத்தி பெரிசுங்குறாங்கன்னே தெரியல” என்று நீ நோட்டைத் தூக்கிப் போட்டாய்.

எனக்கு அது புரிந்தது. உன் படிப்பில் எனக்குப் புரிந்த ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். “இங்க பாரு, மில்லுக்கு வர்ற ஆளு என்ன பண்ணுது? தூக்குச்சட்டியக் கொண்டாந்து மேடையில வைக்குது. வச்சிட்டு, ‘நைசா’ங்குது. எதைன்னு சொல்லுதா? சொல்லாது. முன்னாடிதான் இருக்கே தூக்கு. அப்பறம் ‘உப்பு போட்டாச்சு’, ‘கொஞ்சம் ஈரம்’, ‘சாயங்காலம் வர்றேன்’. எல்லாம் அந்தத் தூக்கப் பத்தித்தான். இன்னொரு தூக்க எடுத்து வைக்கிற வரைக்கும் பேச்சு இந்தத் தூக்கோடதான். ‘வா’ போடுறதுன்னா தூக்க மேடையில வைக்கிறது. அதுக்குள்ள இருக்குற அரிசிக்குத்தான் ‘கா’. நைசுங்கறது அரிசிக்கு. ஆனா பேச்சு தூக்கோடது.”

நீ என்னையே பார்த்தாய். “டீச்சர் மூணு நாளா சொன்னத ஒரு தூக்குல சொல்லிட்டியேப்பா” என்றாய். சின்னவளே, நீ உடனே, “அப்ப நீயே ஜப்பான் போப்பா, மில்ல அக்கா பாத்துக்கும்” என்று சொல்லி அவளிடம் ஒரு கொட்டு வாங்கிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நாம் மூன்று பேரும் எதைப் பார்த்தாலும் அதை மேடையில் வைத்தோம். காரைக்கால் வா, கடற்கரை அழகு. நம்ம மில் வா, சத்தம் பெரிசு. மீன்காரம்மா வா, நாக்கு நீளம். அங்கே ‘ருசி’ என்ற சொல்லே நேற்றைக்கு வேறு, இன்றைக்கு வேறு வால் வைத்துக்கொள்ளும் என்றும் நீ சொன்னாய். இன்றைய குழம்பு ஓய்ஷி, நேற்றைய குழம்பு ஓய்ஷிகத்தா. உங்கள் அம்மா, “நேத்து வச்சது நல்லா இருந்துச்சுன்னு இன்னைக்கு ஜப்பான்ல சொல்றதுக்கு, நேத்தே தமிழ்ல சொல்லித் தொலைச்சிருக்கலாம்” என்றாள்.

நேர்காணலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார் டீச்சர். கட்டாயம் கேட்பார்களாம். நீ எழுதிவிட்டு எனக்குப் படித்துக் காட்டினாய். அவர்கள் மொழியில் வெளியாளிடம் பேசும்போது தன் அம்மாவை ‘ஹஹா’ என்றும், அப்பாவை ‘சிச்சி’ என்றும் சொல்ல வேண்டுமாம். சின்னவள் தரையில் விழுந்து புரண்டாள். “அம்மான்னா சிரிக்கிறாங்க, அப்பான்னா மூக்கப் பொத்திக்கிறாங்க!” நானும் சிரித்தேன்.

ஹஹா வா கோயே கா ஓகீ தெஸ். அம்மாவுக்குக் குரல் பெரிது. சரி, உண்மைதான்.

இமோத்தோ வா அஷி கா ஹயாய் தெஸ். தங்கைக்குக் கால் வேகம். ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பை அலமாரியில் இருக்கிறது.

சிச்சி வா மிமி கா தோய் தெஸ்.

மிமி என்றால் காது என்று எனக்குத் தெரியும். தோய் என்றால் தூரம் என்றும் தெரியும். உடம்பு உறுப்புகளையும் அளவுகளையும் உன்னிடம் கேள்வி கேட்டுக் கேட்டு எனக்கே பாதி வந்திருந்தது. அப்பாவுக்குக் காது தூரம். காது கேட்காது என்பதை அந்த ஊரில் இப்படித்தான் சொல்கிறார்களாம். அதன் கீழே, சிச்சி என்று மறுபடி சொல்லாமலேயே, இன்னும் நாலு வரி எழுதியிருந்தாய். பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, சுற்றி வந்து முகத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். சத்தம் போடக் கூடாது, மெதுவாகப் பேச வேண்டும். புரியாவிட்டாலும் தலையாட்டுவார், அதனால் இன்னொரு தடவை கேட்க வேண்டும். இதைச் சின்ன வயதிலிருந்து செய்கிறேன், எனக்கு இந்த வேலை பிடிக்கும். நாலு வரியும் என்னைப் பற்றி. நான்தான் மேடையில் இருந்தேன்.

பேனாவை வாங்கி அந்த ஐந்து வரியையும் அடித்தேன்.

“ஏம்ப்பா?”

“இதெல்லாம் வெளிய சொல்றதா?”

“டீச்சர் படிச்சிட்டு இதான் ரொம்ப நல்லாருக்குன்னாங்கப்பா. ஏன் இந்த வேலைக்கு வர்றேன்னு கேப்பாங்க, அதுக்கு இதான் பதிலு.”

“டீச்சருக்கு என்ன, அவங்க வீட்டு விஷயமா? அப்பனுக்குக் காது போச்சுன்னா பொண்ணுக்கும் போவும்னு அவன் நெனச்சா? மெடிக்கல் பாக்குறப்ப தனியா எடுத்து வச்சிருவான்.”

“அப்டியெல்லாம் நெனைக்க மாட்டாங்க.”

“இங்க நெனப்பாங்க.”

போலகத்திலிருந்து ஒரு வீட்டார் உன்னைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்த நேரம் அது. பெண் இருக்கும் வீட்டில் சர்க்கரை இருந்தாலும் வலிப்பு இருந்தாலும் மாத்திரை டப்பாவைப் பீரோவுக்குள் தள்ளிவிட்டுத்தான் வந்தவர்களுக்குக் காபி கொடுப்போம். நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நான் செய்த தப்பு, போலகத்துக்காரர்களிடம் மறைப்பதையே ஜப்பான்காரர்களிடமும் மறைக்க வேண்டும் என்று நினைத்தது. நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறவர்களிடம், என் வீட்டில் நோயே இல்லை என்று சொல்லச் சொன்னேன். அதற்கும் மேலே போய், மாதா படத்துக்கு முன்னால் உன்னை நிறுத்தினேன். “அப்பா காதப் பத்தி எவங்கிட்டயும் பேச மாட்டேன்னு சொல்லு.” நீ சொன்னாய். அடித்த வரிக்கு மேலே நானே தமிழில் எழுதினேன்: ‘அப்பா நலமாக இருக்கிறார்.’ நீ அதை மாற்றிச் சொன்னாய். சிச்சி வா கெங்கி தெஸ். உதடு தெளிவாகத்தான் இருந்தது.

நேர்காணல் அன்று காலையில் மில்லைத் திறக்கவில்லை. சத்தம் ஒன்றும் இருக்கக் கூடாது என்று உங்கள் அம்மாவையும் சின்னவளையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். பெரியவளே, நீ நடுக்கூடத்தில் மேசைக்கு முன்னால். நான் மட்டும் போக மனசில்லாமல், உள்ளறையில் திரைச்சீலைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறதே, திரைச்சீலை இடுக்கு வழியாக அதில் உன் முகம் தெரிந்தது. உன் வாய் அசைவது தெரிந்தது. எனக்கு அது போதும்.

நன்றாகத்தான் போனது. ஊர் பேர் சொன்னாய். அம்மாவின் குரல் சொன்னாய், தங்கையின் கால் சொன்னாய். சிச்சி வா கெங்கி தெஸ் சொன்னாய். நான் கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து நீ திரும்பி என்னைப் பார்த்தாய். பயப்படுகிறாள் போலிருக்கிறது, தைரியம் கேட்கிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டு, ‘பேசு, பேசு’ என்று கையைக் காட்டினேன். மறுபடியும் பார்த்தாய். மறுபடியும் காட்டினேன். அப்போது சின்னவள் வாசல் வழியாகத் தலைதெறிக்க ஓடிவந்து, எனக்குப் பக்கத்து ஜன்னல் கட்டையிலிருந்து என் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். எதற்கு எடுத்தாள் என்று நான் யோசிக்கவே இல்லை. விளையாட்டு என்று நினைத்தேன்.

நாலு நாள் கழித்து டீச்சர் சொல்லியனுப்பினார். உன்னோடு படித்த இரண்டு பெண்களை எடுத்துக்கொண்டார்கள். உன்னை எடுக்கவில்லை.

“ஏம்மா, என்னவாம்?” என்றேன்.

“ஆளு போதுமாம்ப்பா.” அவ்வளவுதான் நீ சொன்னது. முகத்துக்கு நேராக நின்று, மெதுவாக.

நான் நம்பினேன். நம்பியது மட்டுமா, ஜப்பான்காரர்களைத் திட்டினேன். மில்லுக்கு வந்தவர்களிடமெல்லாம், “நல்லா பேசுச்சுங்க எம்பொண்ணு, அவங்களுக்குத்தான் குடுத்து வைக்கல” என்றேன். வீட்டு வாசலுக்கு வந்தவர்களிடமும் சொன்னேன், நீ உள்ளே கேட்டுக்கொண்டிருந்தாய். அந்த இரண்டு பெண்களும் கிளம்புவதற்கு முன்னால் நம் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு வழியில் தின்ன நீ முறுக்கு சுட்டாய். அந்த மாவையும் நான்தான் அரைத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு மத்தியானம், சின்னவளே, ஏதோ சின்ன விஷயம், நீ போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நான் சத்தம் போட்டேன். “ஒங்கக்காவப் பாரு, எவ்வளவு படிச்சா. நீயும் இருக்கியே போனும் கையுமா” என்றேன்.

நீ எழுந்து என் முன்னால் வந்து நின்றாய். அக்கா நிற்கிற மாதிரியே நின்றாய்.

“போனா? போனப் பத்தி நீ பேசுறியா? அக்கா வேல போனதே ஒன் போனாலதான்ப்பா!”

“ஏய், சும்மா இருடி!” என்று அடுப்படியிலிருந்து பெரியவள் ஓடிவந்தாள்.

“நீ சும்மா இரு. எத்தன நாளைக்கு மூடி வைப்ப?” பிறகு என்னிடம் திரும்பினாய். “மில்லு பூட்டியிருக்குன்னு எவனோ ஒனக்குப் போன் அடிச்சிருக்கான். மூணு தடவ. பக்கத்து வீட்ல எனக்குக் கேக்குது, ஜப்பான்ல இருக்குற அந்தம்மாவுக்குக் கேக்குது, ஒன் கைக்குப் பக்கத்துல கெடக்கு, ஒனக்குக் கேக்கல. ‘வீட்ல யாரும் இல்லையா, போன் அடிக்குதே, பரவால்ல, எடுத்துட்டு வாங்க’ன்னு அந்தம்மா சொல்லியிருக்காங்க. அப்பா இருக்காருன்னு அக்கா சொல்லியிருக்கு. அப்ப ஏன் எடுக்கலன்னு கேட்டிருக்காங்க. என்னப்பா சொல்லும் அது? மாதா முன்னாடி சத்தியம் வாங்கிட்டியே!”

“என்ன சொன்ன?” என்று, பெரியவளே, உன்னைக் கேட்டேன்.

சின்னவள்தான் சொன்னாள். “அப்பாவுக்கு வேலை ஜாஸ்தின்னு சொல்லியிருக்கு. ஃபேன் காத்துல கதவு ஸ்க்ரீன் பறந்துருக்கு. நீ சேர்ல உக்காந்து சிரிச்சிக்கிட்டுக் கைய ஆட்டுறது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

அதற்குப் பிறகுதான் அவர்கள் கேட்டார்களாம், நீ ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறாய் என்று. உன்னிடம் இருந்த பதிலை நான் அடித்துவிட்டிருந்தேன். ஜப்பான் அழகான நாடு என்று சொன்னாயாம்.

“ஒனக்குத் தெரிய வேணாம்னு நெனச்சேம்ப்பா” என்றாய் பெரியவளே. “நீ சங்கடப்படுவ.”

அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வேலை போனதைக்கூட ஒருமாதிரி தாங்கிக்கொள்ளலாம். ஆனால் தோற்ற பெண், தோற்கடித்தவனுக்கு வலிக்கக் கூடாது என்று ஒன்றரை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்த ஒன்றரை மாதமும் நான் உன் எதிரில் உட்கார்ந்து சோறு தின்றேன். ஊரில் எல்லோரிடமும் ஜப்பான்காரனைக் குறை சொன்னேன். உன் நேர்காணலில் மேடையில் இருக்க வேண்டியவள் நீ. என் மானத்தைத் தூக்கி அங்கே வைத்துவிட்டேன். எடுக்கவும் விடவில்லை.

அன்று ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கு வரவில்லை. “சரி சரி, மிளகா அரைக்க ஆளு வந்துரும்” என்று எழுந்து போய்விட்டேன். யாரும் வரவில்லை. மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் பொறுத்து உன்னைக் கூப்பிட்டு, “அடுத்த தடவ அந்த அஞ்சு வரியையும் சேத்துச் சொல்லு. மாதாகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றேன். “பாக்கலாம்ப்பா” என்றாய். அடுத்த தடவை எப்போது என்று டீச்சருக்கே தெரியவில்லை. நீ இப்போது இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் பார்க்கிறாய். சாயங்காலத்தில் நோட்டை எடுக்கிறாயா என்று நானும் கேட்பதில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

மாதாவிடம் பேசிக்கொள்கிறேன் என்று சொன்னதற்கு அடுத்த நாள் விடிந்ததும், நீங்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் மில்லுக்குப் போனேன். ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போய், மிச்சம் இருந்த பச்சைப் பெயின்ட் டப்பாவைத் திருகித் திறந்தேன். பிரஷ் காய்ந்து விறைத்திருந்தது, மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். மேடைக்கு எதிர்ச்சுவரில், உள்ளே வருகிற யாருக்கும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில், அரைக்க வருகிறவர்கள் எல்லோரும் படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதினேன்: ‘மில்காரருக்குக் காது கேட்காது. முன்னால் வந்து நின்று சொல்லவும்.’ கடைசி எழுத்து கொஞ்சம் வழிந்தது. விரலால் துடைத்துவிட்டு, கையைக் கழுவி, மெஷினைப் போட்டேன்.